ஆங்கிலம் கலக்காத காதல் பாட்டு அமெரிக்காவில் ஏறாதா?

2 ஜூன் 2024. வாசகர் ஒருவர் தொடங்கியது

2017இல் வந்த டெஸ்பஸீட்டோதான் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதல் பத்துக்குள் போன முதல் ஸ்பானிஷ் காதல் பாட்டு. அதுவும் ஜஸ்டின் பீபர் வந்து ஆங்கிலத்தில் நாலு வரி பாடின பிறகுதான் நடந்தது. ஆங்கிலம் கலக்காத பாட்டு அங்கே எடுபடாது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள் அண்ணே.

2 ஜூன், இரவு 11.10

இருக்கிறது தம்பி. எரெஸ் தூ. பாடியவர்கள் மோசெதாதெஸ் என்ற ஸ்பெயின் குழு. 1974 மார்ச்சில் பில்போர்டு ஹாட் 100 என்ற அந்த அமெரிக்கப் பட்டியலில் 9ஆம் இடம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஸ்பானிஷ், ஒரு ஆங்கிலச் சொல் கிடையாது. டெஸ்பஸீட்டோவுக்கு 43 வருடம் முன்னால். முதல் பத்துக்குள் போன முதல் ஸ்பானிஷ் பாட்டே இதுதான்.

தூக்கம் வருகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

3 ஜூன், காலை 6.40

விஷயம் அந்த இசைத்தட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் தாரா என்ற நிறுவனம் வெளியிட்ட 45 சுற்று ரிக்கார்டு. ஒரு பக்கம் எரெஸ் தூ. திருப்பிப் போட்டால் அதே மெட்டு, அதே குழு, ஆங்கில வரிகள்: டச் தி விண்ட். அதாவது வானொலி நிலையத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு மொழியும் கையிலேயே இருந்தன. ஆங்கிலம் வேண்டுமென்றால் தட்டைத் திருப்பினால் போதும், செலவு கிடையாது, காத்திருக்க வேண்டாம். அவர்கள் ஸ்பானிஷ் பக்கத்தைத்தான் போட்டார்கள். ஜனங்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

"ஆங்கிலம் இல்லாமல் எடுபடாது" என்று சொல்லும்போது எனக்கு முதலில் நினைவு வருவது அந்தத் திருப்பாத பக்கம்தான்.

அதே மார்ச் மாதம் முதலிடத்தில் இருந்த பாட்டையும் சொல்லிவிடுகிறேன். டெர்ரி ஜாக்ஸ் பாடிய சீசன்ஸ் இன் தி சன். அது ஜாக் பிரெல் பிரெஞ்சில் எழுதிப் பாடினது. ஆங்கில வரிகளில் பாடித்தான் ஜாக்ஸ் முதலிடம் பிடித்தார். ஒரே மாதத்தில் ஒரு பாட்டு ஆங்கிலமாக மாறி ஏறுகிறது, இன்னொன்று மாறாமலே ஏறுகிறது. இரண்டாவது வழி கடினமான வழி.

3 ஜூன், காலை 7.05

1974இல் பட்டியல் எப்படிப் போட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இப்போது போலக் கணினியில் எண்ணிக் கொட்டுவது இல்லை. ரிக்கார்டுக் கடைகள் எது நன்றாக விற்கிறது என்று சொல்லும், வானொலி நிலையங்கள் எதை அதிகம் போடுகிறோம் என்று சொல்லும், இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்துவார்கள். கடையில் ஸ்கேன் ஆகும் விற்பனையையும் காற்றில் வரும் ஒலிபரப்பையும் நேரடியாக எண்ணும் முறை ஹாட் 100க்கு வந்தது 1991 கடைசியில். ஆகவே அந்த 9ஐ துல்லியமான எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கடைக்காரரும் சொல்லி, வானொலிக்காரரும் சொல்லித்தான் ஒரு பாட்டு அவ்வளவு மேலே போக முடியும்.

3 ஜூன், இரவு 9.30

திருத்தம். நேற்று ராத்திரி "முதல் பத்துக்குள் போன முதல் ஸ்பானிஷ் பாட்டே இதுதான்" என்று அவசரத்தில் அடித்துவிட்டேன். தவறு. ஒரு சகோதரி சுட்டிக் காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. 1966இல் சாண்ட்பைப்பர்ஸ் பாடிய குவாந்தனமேராவும் 9ஆம் இடம் வரை போனது. ஆனால் அதன் நடுவே ஒருவர் ஆங்கிலத்தில் பேசிப் பொருள் சொல்வார். பாடியதும் அமெரிக்கக் குழு. வரிகள் கியூபாவின் ஹொசே மார்த்தியுடைய கவிதை, காதல் பாட்டு என்று சொல்ல முடியாது.

அதனால் என் வாக்கியத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: ஆங்கிலம் துளியும் இல்லாத ஸ்பானிஷ் காதல் பாட்டு ஒன்று முதல் பத்துக்குள் போயிருக்கிறது, 1974லேயே. "முதல்" என்ற பட்டத்துக்காக நான் சண்டை போடவில்லை.

மற்ற மொழிகளும் உண்டு. 1958இல் டொமெனிகோ மொதூன்யோவின் இத்தாலியப் பாட்டு, வொலாரே என்று ஊரெல்லாம் அழைத்தது, முதலிடம். 1963இல் கியூ சகாமோட்டோ ஜப்பானிய மொழியில் பாடியது முதலிடம். அதே வருடம் பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் பிரெஞ்சில் பாடிய தொமினிக், அதுவும் முதலிடம்.

4 ஜூன், இரவு

எனக்கும் எரெஸ் தூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

1994 நவம்பர். நான் அப்போது கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். ஸ்பெயினின் பில்பாவோ துறைமுகத்தில், சாந்துர்ட்சி பக்கம், இரும்புச் சுருள் ஏற்றக் கப்பலைக் கட்டியிருந்தோம். இரும்புச் சுருள் நனையக் கூடாது. துருப் பிடித்தால் வாங்குகிறவர் சரக்கை ஏற்க மாட்டார். தூறல் விழுந்தால் ஹேட்ச்சை, அதாவது சரக்கு அறையின் வாயை, மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஊர்த் தூறலுக்கு சிரிமிரி என்று பேர். மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பொடிப் பொடியாக இறங்கும், குடை பிடித்தாலும் சட்டை நனையும். மூன்று நாள் ஒரு சுருள்கூட ஏறவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் வாட்ச் முடிந்து நானும், இன்ஜினுக்கு எண்ணெய் போடும் எங்கள் ஆயிலரும் கரைக்கு இறங்கினோம். அவர் பிலிப்பைன்ஸ்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துறைமுகத் தெருவில் ஒரு சிறிய மதுக்கடை. உள்ளே நீள மேசையில் பத்துப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மேசையில் ரொட்டித் துண்டுகள், காலி மீன் தட்டுகள், ஒரு மண் கிண்ணத்தில் மிளகாய் மிதக்கும் எண்ணெய். ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பாட ஆரம்பித்தார். பாட்டா பேச்சா என்று தெரியாத அளவு தணிந்த குரல். மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பல்லவி வந்தபோது மேசையே நாலு குரலாகப் பிரிந்தது. யாரும் கை காட்டவில்லை, யாரும் எண்ணவில்லை. ஆண்களில் இரண்டு பேர் கீழ் சுரத்தை எடுத்துக்கொண்டார்கள், ஓரத்தில் இருந்த ஒருவர் மேலே போனார், நடுவே பெண்கள். சோற்றுப் பந்தியில் அவரவர் இலைக்கு முன்னால் உட்காருவது போல அவரவர் இடம் அவரவர்க்குத் தெரிந்திருந்தது. என் பக்கத்தில் ஆயிலர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரும் பாடினார். எனக்கு ஒரே ஆச்சரியம். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "எங்கள் அம்மா துணி துவைக்கும்போது பாடுவாள்" என்றார். பொருள் கேட்டேன். "நீதான். அவ்வளவுதான்" என்றார்.

நாலாம் நாள் வெயில் வந்தது, சுருள் ஏறியது, புறப்பட்டோம்.

5 ஜூன், காலை

பில்பாவோ என்றதும் சொல்ல விட்டுப்போனது. மோசெதாதெஸ் குழுவே பில்பாவோக்காரர்கள்தான். உராங்கா என்ற குடும்பத்து அக்கா தங்கைகள் வீட்டில் பாடத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த குழு. 1973இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் மேடை ஏறிய ஆறு பேரில் அமாயா, இஸாஸ்குன், ரொபெர்தோ மூவரும் உடன்பிறந்தவர்கள். முதல் குரல் அமாயாவுடையது. மோசெதாத் என்றால் இளம்பருவம். குழுவின் பேர் அதன் பன்மை.

பில்பாவோ இருக்கும் பகுதிக்கு பாஸ்க் நாடு என்று பேர். அங்கே கூடிப் பாடுவது பழைய பழக்கம். எட்டு ஆண்கள் வாத்தியம் இல்லாமல் பாடும் குழுவுக்கு ஒச்சோத்தே என்று தனிப் பேரே வைத்திருக்கிறார்கள், எட்டு என்ற எண்ணிலிருந்து வந்த பேர். நான் அந்த மதுக்கடையில் பார்த்தது ஏதோ அதிசயம் என்று பல வருடம் நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது அன்றாடம்.

5 ஜூன், மதியம்

யூரோவிஷன் பற்றிக் கேட்டவருக்கு.

1973 ஏப்ரல் 7, லக்ஸம்பர்க். 17 நாடுகள். ஸ்பெயின் சார்பில் எரெஸ் தூ. எழுதி இசையமைத்த ஹுவான் கார்லோஸ் கல்தெரோனே அன்று இசைக்குழுவையும் நடத்தினார். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு நடுவர்கள், ஒருவர் இளையவர், ஒருவர் மூத்தவர். ஒவ்வொருவரும் ஒரு பாட்டுக்கு 1 முதல் 5 வரை புள்ளி. முடிவு: லக்ஸம்பர்க்குக்காகப் பாடிய ஆன் மரி தவீத் 129, மோசெதாதெஸ் 125, இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்ட் 123. நாலு புள்ளியில் போனது.

இதில் முக்கியமான ஒரு விஷயம். அதற்கு முன்பு அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1973இல் அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள், எந்த மொழியிலும் பாடலாம். பின்லாந்தும் ஸ்வீடனும் உடனே ஆங்கிலத்துக்கு மாறின. ஸ்பெயினும் மாறியிருக்கலாம், மாறவில்லை. ஆக இந்தப் பாட்டின் முன்னால் ஆங்கிலக் கதவு இரண்டு முறை திறந்திருந்தது, லக்ஸம்பர்க் மேடையில் ஒரு முறை, அமெரிக்க ரிக்கார்டின் மறுபக்கத்தில் ஒரு முறை. இரண்டு முறையும் ஸ்பானிஷிலேயே நின்றது.

அடுத்த வருடம் ஆபா குழு ஸ்வீடனுக்காக ஆங்கிலத்தில் பாடி ஜெயித்த வாட்டர்லூ அமெரிக்காவில் 6ஆம் இடம். முந்தின வருடம் தோற்ற பாட்டு, ஆங்கிலமே இல்லாமல், 9ஆம் இடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

6 ஜூன், இரவு

பாட்டு என்னதான் சொல்கிறது என்று மூன்று பேர் கேட்டாயிற்று. வரிகளை அப்படியே பெயர்த்துப் போட மாட்டேன், சாரத்தைச் சொல்கிறேன்.

காதலிக்கு உவமை அடுக்குவதுதான் பாட்டு. ஒரு வாக்குறுதி மாதிரி, கோடைக் காலை மாதிரி, புன்னகை மாதிரி. கையில் விழும் குளிர்ந்த மழை மாதிரி, பலமான காற்று மாதிரி. பல்லவியில் என் ஊற்றின் நீர், என் வீட்டின் நெருப்பு, என் ரொட்டியின் கோதுமை. பிறகு ராத்திரியில் ஒரு கிதார், என் தொடுவானம் முழுவதும். ஒவ்வொன்றின் முடிவிலும் "எரெஸ் தூ", நீதான்.

கண், மூக்கு, இடை என்று எதுவுமே வராது. தண்ணீர், நெருப்பு, தானியம், காற்று, வானம். ஒரு மனிதர் உயிர் வாழ என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம். நம்மிடமும் நிலம், நீர், வானம் மூன்றையும் கூப்பிட்டு நிறுத்தித் தன் நட்பை அளந்து சொல்லும் தலைவி குறுந்தொகையில் இருக்கிறாள். அதனால்தானோ என்னவோ, பொருள் தெரிந்த அன்று இது வெளிநாட்டுப் பாட்டு மாதிரியே எனக்குப் படவில்லை.

"கோடைக் காலை" என்பது மட்டும் முதலில் உறுத்தியது. தூத்துக்குடியில் பிறந்தவனுக்குக் கோடைக் காலை என்றால் ஏழு மணிக்கே கொதிக்கும் வெயில். கல்தெரோன் பிறந்தது சாந்தாந்தேர், பில்பாவோ இருக்கும் அதே கடற்கரை. வருடத்தில் பாதி நாள் அந்தத் தூறலைப் பார்த்தவர் எழுதின வரி என்று பிடித்துக்கொண்டால் சரியாக வருகிறது. மூன்று நாள் ஹேட்ச்சை மூடிவிட்டு உட்கார்ந்து, நாலாம் நாள் விடிகாலையில் வெளிச்சம் வந்தபோது மேல்தள ஆட்களின் தலைவரான எங்கள் போசன் முகத்தில் பார்த்தேனே, அதுதான் அந்த வரி.

7 ஜூன், காலை

இன்னொரு திருத்தம், என் மொழிபெயர்ப்பில். "என் வீட்டின் நெருப்பு" என்று எழுதியதைப் படித்த என் மகள், "வீடு தீப்பிடித்த மாதிரி இருக்குப்பா" என்றாள். சரிதான். ஸ்பானிஷில் ஓகார் என்ற சொல்லுக்கு வீடு என்று பொருள், ஆனால் அதன் வேர் லத்தீனில் அடுப்பு. குளிர் நாட்டில் வீடு என்பதே அடுப்பைச் சுற்றி இருக்கும் இடம். ஆக அது அடுப்பு நெருப்பு. என் அடுப்பில் எரியும் தீ நீ. அடுப்பெரியும் வீடு என்று நாம் சொல்வதும் அதே பொருள்தானே.

7 ஜூன், இரவு 10

"எரெஸ் தூ" என்ற இரண்டு சொல்லைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

எரெஸ் என்றாலே "நீ இருக்கிறாய்", அதாவது நீ இன்னது என்று பொருள். யார் என்பது வினையிலேயே தெரிந்துவிடும். "வந்தாய்" என்றால் நீ என்று தனியாகச் சொல்ல வேண்டாம் அல்லவா, அதே மாதிரி. ஆகவே தூ, நீ என்ற சொல், இலக்கணத்துக்குத் தேவையில்லாதது. தேவையில்லாத இடத்தில், அதுவும் கடைசியில் கொண்டுவந்து வைக்கும்போது அழுத்தம் முழுவதும் அதன் மேல் விழுகிறது. தமிழில் "தான்" போட்டால் என்ன ஆகுமோ அது. நீதான்.

இன்னொன்று. ஸ்பானிஷில் "இரு" என்பதற்கு இரண்டு வினை. இன்றைக்குச் சோர்வாக இருக்கிறாய் என்பது போல வந்துபோகும் நிலைக்கு ஒன்று. நீ இன்ன ஆள் என்பதற்கு இன்னொன்று. எரெஸ் இரண்டாவது வகை.

ஆங்கில வரிகள் ஏன் எடுபடவில்லை என்று எனக்கு இங்கேதான் விளங்குகிறது. ஆங்கிலத்தில் "நீ"யை விட்டுவிட்டு வாக்கியம் அமைக்கவே முடியாது. எப்போதும் இருக்கிற சொல்லைக் கடைசியில் கொண்டுவந்து கொடுக்க வழியில்லை. அதனால் பாட்டின் உயிரான சொல்லை விட்டுவிட்டு, காற்றைத் தொடு என்று வேறு எதையோ எழுதினார்கள். மெட்டு அதே, பாடுவதும் அதே அமாயா, ஆனால் பல்லவி உச்சிக்கு ஏறும் இடத்தில் கொடுக்க எதுவும் இல்லாமல் போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை.

8 ஜூன்

கேசட் கதை. 1995இல் கனேரித் தீவுகளில் ஒரு துறைமுகக் கடையில் எரெஸ் தூ என்று அட்டையில் பார்த்ததும் வாங்கினேன். கேபினில் போட்டால் வேறு யாரோ பாடுகிறார்கள். எலெக்ட்ரிக் ஆர்கன், தாளப் பெட்டி, ஓர் ஆண் குரல். அட்டையில் மிகச் சின்ன எழுத்தில் வேறு பேர் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. மனது விட்டுப்போய் அதைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அசல் குரலை நான் கேட்டது 2009இல், வீட்டில், கணினியில். 15 வருடம் கழித்து. முதல் வரியில் அமாயா எவ்வளவு தணிந்து தொடங்குகிறார் என்று கேட்டதும் அந்த மதுக்கடை அம்மா கண்ணாடி துடைத்தது அப்படியே வந்து நின்றது. அவர் பாட்டை மட்டுமல்ல, அந்தத் தணிவையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறார்.

9 ஜூன், இரவு

எரெஸ் தூ வேறொரு பாட்டைக் காப்பி அடித்த மெட்டு என்று ஒருவர் இணைப்பு போட்டிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டு பாட்டு வந்த காலத்திலிருந்தே உண்டு. அந்த இன்னொரு பாட்டு, 1966 யூரோவிஷனில் யூகோஸ்லாவியாவுக்காக பெர்தா அம்ப்ரோஷ் ஸ்லொவேனிய மொழியில் பாடிய பிரெஸ் பெசெத், இசை மொய்மிர் செபெ. அதுவும் லக்ஸம்பர்க்கிலேயே பாடப்பட்டது. போட்டியிலிருந்து எரெஸ் தூவை நீக்கவில்லை.

நேற்று இரண்டையும் ஆறேழு தடவை கேட்டேன். சாயல் இருக்கிறது, மறுத்தால் பொய். ஸ்லொவேனியர்களுக்கு இன்னும் மனக்குறை இருந்தால் அதில் நியாயம் உண்டு. அந்தப் பாட்டும் நல்ல பாட்டு, அதன் பேரை இங்கே எழுதாமல் எரெஸ் தூவைப் புகழ்வது சரியாகாது. ஆனால் எரெஸ் தூவில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒற்றைக் குரல் தரையிலிருந்து கிளம்பி, பல்லவியில் ஆறு குரலாகி, வாத்தியமெல்லாம் சேர்ந்து எழும் அந்த எழுச்சி. அது கல்தெரோனும் அந்தக் குழுவும் கட்டியது.

10 ஜூன், காலை

ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. "பாஸ்க்காரர்களுக்குத் தனி மொழி இருக்கிறதே, அவர்கள் ஏன் ஸ்பானிஷில் பாடினார்கள்? நீங்கள் ஸ்பானிஷை ஏதோ ஒடுக்கப்பட்ட மொழி போலப் பேசுகிறீர்கள்."

உண்மை. இவ்வளவு நாளாக ஆங்கிலத்துக்கு எதிரே ஸ்பானிஷை எளியவன் இடத்தில் வைத்தே எழுதிவந்திருக்கிறேன். அமெரிக்க வானொலியில் அது எளியவன்தான். 1973 ஸ்பெயினுக்குள்ளே அப்படி இல்லை. மற்ற மொழிகளை ஒடுக்கிய சர்வாதிகாரி ஃப்ராங்கோ உயிரோடு இருந்த காலம், அவர் இறந்தது 1975 நவம்பரில். 1968 யூரோவிஷனுக்கு ஜுவான் மனுவேல் செர்ராத், ஸ்பெயினின் இன்னொரு மொழியான கட்டலானில் பாடுவேன் என்றார். விடவில்லை. அவருக்குப் பதில் மஸ்ஸியேல் அனுப்பப்பட்டு, ஸ்பானிஷில் பாடி, கிளிஃப் ரிச்சர்டை ஒரே புள்ளியில் ஜெயித்தார். பாவம் கிளிஃப் ரிச்சர்ட், இரண்டு முறையும் ஸ்பெயினிடம் பின்தங்கினார்.

ஆகவே, 1973இல் ஸ்பெயின் ஆங்கிலத்துக்கு மாறவில்லை என்று நான் பெருமையாக எழுதினதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மேடையில் ஸ்பானிஷ் நின்றது பாடகர்களின் பிடிவாதம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மோசெதாதெஸ் இதே பாட்டை பாஸ்க் மொழியிலும் பதிவு செய்தார்கள், ஸு ஸாரா என்று. அதைத் தேடிக் கேளுங்கள். சாந்துர்ட்சியில் அந்த மேசையில் எந்த மொழியில் பாடினார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். எரெஸ் தூ என்பது காதில் அப்படியே இருக்கிறது, அது ஸ்பானிஷ்தான். அதற்கு அடுத்துப் பாடின பாட்டு என்ன மொழியோ.

11 ஜூன்

டெஸ்பஸீட்டோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். நான் அதன் எதிரி இல்லை.

பாடியவர்கள் லூயிஸ் ஃபோன்ஸி, டாடி யாங்க்கி. வந்தது 2017 ஜனவரி. பனாமாவின் எரிகா எந்தெர் கூடச் சேர்ந்து எழுதியது. ஹாட் 100இல் முதலில் நுழைந்தது 88ஆம் இடத்தில். ஏப்ரலில் பீபர் சேர்ந்த பதிப்பு வந்தது, ஒரே வாரத்தில் 48லிருந்து 9. பிறகு 16 வாரம் முதலிடம், அன்றைய சாதனையைச் சமன் செய்தது. தம்பி சொன்னதில் இந்தப் பகுதி சரி, பீபர் வராமல் அமெரிக்காவில் இவ்வளவு உயரம் போயிருக்காது.

ஆனால் கவனியுங்கள், பல்லவியை பீபரும் ஸ்பானிஷில்தான் பாடினார். டெஸ்பஸீட்டோ என்ற அந்த ஒரு சொல்லைத் துண்டு துண்டாக நிறுத்தி, வாத்தியத்தையும் கூடவே தயங்க வைப்பார்களே, "மெதுவாக" என்ற சொல்லையே மெதுவாக்குவார்களே, அதை யாரும் ஆங்கிலமாக்கத் துணியவில்லை. ஆக்கினால் பாட்டு போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எரெஸ் தூவில் "தூ" எப்படியோ, இதில் அந்தச் சொல் அப்படி.

நடுவே இரண்டு பாட்டு முதலிடம் வந்தது. 1987இல் லோஸ் லோபோஸ் பாடிய லா பாம்பா, 1996இல் மகரேனா. இரண்டாவதில் ஆங்கிலம் சேர்த்த பதிப்புதான் ஏறியது. லா பாம்பாவை முதலில் அமெரிக்காவுக்குக் கேட்க வைத்தவர் ரிச்சி வேலன்ஸ், 17 வயதில் விமான விபத்தில் போனவர். அவருடைய ரிக்கார்டிலும் ஒரு பக்கம் ஆங்கிலக் காதல் பாட்டு டோனா, மறுபக்கம் ஸ்பானிஷ் லா பாம்பா. டோனா 2ஆம் இடம் போனது, லா பாம்பா 22. அங்கே ஆங்கிலப் பக்கம் ஜெயித்தது, 15 வருடம் கழித்து இங்கே ஸ்பானிஷ் பக்கம்.

12 ஜூன்

மோசெதாதெஸ் அதற்குப் பிறகு அமெரிக்காவில் அந்த உயரத்துக்கு வரவில்லை. அதை வைத்து "ஒரு பாட்டோடு போன குழு" என்று எழுதுகிறவர்கள் ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் கேட்டுப் பார்க்கட்டும். தோமாமே ஓ தெஹாமே, அமோர் தெ ஓம்ப்ரே, இரண்டையும் அங்கே பாட்டிகள் முதல் பேத்திகள் வரை பாடுகிறார்கள். அமாயா 1984இல் குழுவை விட்டுப் போனார். கல்தெரோன் பிறகு மெக்ஸிகோவின் லூயிஸ் மிகேலுக்கும் எழுதினார், 2012இல் காலமானார்.

14 ஜூன், இரவு

கடைசியாக ஒரு சந்தேகம், எனக்கே பத்து நாளாக ஓடிக்கொண்டிருப்பது. பல்லவியில் அமாயா ஊற்றுநீர் நீ என்று முழுக் குரலில் சொல்லும்போது, பின்னால் மற்றவர்கள் "அல்கோ அஸீ" என்று பதில் கொடுப்பார்கள். அகராதிப்படி "அது போன்ற ஏதோ ஒன்று". அவ்வளவு பெரிய உவமைக்குப் பக்கத்தில் இவ்வளவு சாதாரணமான, பேச்சுவழக்குச் சொல். ஊற்று என்றேனே, சரியாக அது இல்லை, ஆனால் அந்த மாதிரி. நெருப்பு என்றேனே, அதுவும் சரியாக இல்லை. சொல் போதாமல் அடுத்த சொல்லைத் தேடுவதுதான் அந்தப் பின்பாட்டு.

"ஏறக்குறைய அப்படி" என்று போட்டுப் பார்த்தேன், கணக்கு மாதிரி இருக்கிறது. "அதனைப் போல்" என்றால் செய்யுள் ஆகிவிடுகிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவியிடம் பாட்டைப் போட்டுக் காட்டி, இந்த இடத்துக்குத் தமிழில் என்ன சொல்வாய் என்று கேட்டேன். இரண்டாம் தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடியே சொன்னார்:

"என்னமோ அப்படித்தான் நீ."